வெங்காயம் வந்த வழி

பள்ளிக்கூட வாத்தியார்களுக்குள்ள கஷ்டங்களில் பெரிய கஷ்டம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், சம்பளத்தைச் சொல்ல மாட்டேன். பரீட்சைப் பேப்பர்களையும் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியதை அடுத்த வாரம் அதே கையால் அழிக்க நேருகிறதே, அதைத்தான் சொல்வேன். இந்த அனுபவம் சென்ற ஆடி மாதத்தில் எனக்குக் கிட்டியது. காரணமாயிருந்தது ஒரு வெங்காயம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். “அவரவர் வீட்டுச் சமையலறையில் உள்ள பண்டங்கள் எந்த ஊரில் விளைந்தவை என்று விசாரித்து எழுதி வாருங்கள்” என்று ஒரு நாள் சொல்லியனுப்பினேன். பிள்ளைகள் கொண்டுவந்த ஜாபிதாக்களைப் பார்த்து நானே மலைத்துப்போனேன். வெங்காயம் நாசிக் ஜில்லாவிலிருந்து, தக்காளி கோலாரிலிருந்து, காரட் நீலகிரியிலிருந்து, ஆப்பிள் ஹிமாசலத்திலிருந்து. துவரம் பருப்பு ஆப்பிரிக்காவிலுள்ள மொஸாம்பிக் தேசத்திலிருந்து கப்பலேறி வந்திருக்கலாம் என்று ஒருவன் எழுதியிருந்தான். ரேஷன் கடைப் பாமாயிலுக்குப் பிறந்த வீடு மலேசியாவும் இந்தோனேஷியாவும். திருச்சிராப்பள்ளியில், காவேரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு நாம் சாப்பிடும் ஒரு கிண்ணம் சாம்பாருக்காக எத்தனை தேசங்கள் உழைக்கின்றன! “முருங்கைக்காய்: எங்கள் கொல்லை” என்று எழுதியிருந்த ஒரே ஒரு பையனுக்கு மட்டும் நான் பலமாக ஒரு சபாஷ் போட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குப் பிரசங்கம் செய்யச் சந்தர்ப்பம் கிடைத்தால், அதை அவன் லேசில் விடுகிறதில்லை. பூமி சூடேறி வருவதைப் பற்றிச் சொன்னேன். மனிதர்களின் செய்கையால் எழும்பி வெப்பத்தைக் கூட்டுகிற வாயுக்களில் மூன்றில் ஒரு பங்கு நம் உணவு சம்பந்தமானது என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினேன். பிறகு பலகையின் நடுவில் “தூரம் = புகை” என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடும் இழுத்தேன். “நாசிக் வெங்காயம் நமக்கு எதற்கு? பெரம்பலூரில் சின்ன வெங்காயம் விளையவில்லையா? ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள தோட்டத்துக்கே ஸ்கூட்டரில் போய், அப்பொழுதுதான் பறித்த கீரையை வாங்கி வருகிறேன்” என்று சொந்தப் பெருமையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பையனுடைய தகப்பனார், அதே நாசிக் வெங்காயத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறவர் என்பது எனக்குத் தெரியாது. பையன்களுக்குத் தெரிந்திருந்தது. “உங்கள் அப்பாதான் பூமியைச் சுட வைக்கிறாராம்!” என்று அவனை அந்த வாரம் முழுவதும் ஓட விட்டிருக்கிறார்கள். அவன் என்னிடம் வந்து அழவில்லை. புகார் சொல்லவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்து எல்லோரும் போன பிறகு, நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளை மேஜைமேல் வைத்தான்.

“அப்பாவிடம் டெலிபோனில் கேட்டு எழுதினேன், சார். லாசல்காவ் சந்தையிலிருந்து இங்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். வண்டியில் 20 டன் பாரம். ஒரு லிட்டர் டீஸலுக்கு 4 கிலோமீட்டர் ஓடும். ஒரு கிலோ வெங்காயத்துக்குப் புகை எவ்வளவு என்று போட்டுக் காட்டுங்கள், சார்.”

போட்டோம். ஒரு லிட்டர் டீஸல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. 1,400 கிலோமீட்டருக்கு 350 லிட்டர். ஆகவே 945 கிலோ வாயு. கேட்பதற்குப் பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் இருப்பது 20,000 கிலோ வெங்காயம் அல்லவா? வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 47 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை!

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பையன் மிகவும் மரியாதையாக, “உங்கள் கீரைக்கும் போடலாமா, சார்?” என்றான்.

அதையும் போட்டோம். போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். என் ஸ்கூட்டருக்கு 12 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ வீதம், கால் லிட்டருக்கு 575 கிராம். வாங்கி வருவது நாலு கட்டுக் கீரை. நிறுத்தால் ஒரு கிலோ இருக்கலாம். ஆக, பக்கத்து ஊர்க் கீரை ஒரு கிலோவுக்கு, மகாராஷ்டிரத்து வெங்காயம் ஒரு கிலோவைப்போல் பன்னிரண்டு மடங்கு புகையை நானே கிளப்பிக்கொண்டிருந்தேன்!

வீட்டுக்குப் போய் இந்த விபரீதத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “நாலு கட்டில் இரண்டு கட்டு வாராவாரம் அழுகிக் குப்பைக்குப் போகிறதே, அதையும் கணக்கில் சேர்த்தீர்களா? வாசலில் கூடைக்காரி கொண்டுவரும் கீரைக்கு என்ன குறை?” என்று மட்டும் கேட்டாள். குளிர்ப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். சாட்சியம் உள்ளேயே இருந்தது.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இது சம்பந்தமான ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். ‘உணவு மைல்’ என்ற பேச்சு 1990-களின் ஆரம்பத்தில் பிரிட்டனில் பிறந்தது. டிம் லாங் என்ற பேராசிரியர் அந்தச் சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1994-ல் அதைப் பற்றி ஓர் அறிக்கையும் வெளிவந்தது. கடையில் வாங்குகிற பண்டம் எத்தனை தூரம் வந்தது என்று ஜனங்கள் யோசிக்கட்டும் என்பதே நோக்கம், நல்ல நோக்கந்தான். ஆனால் நாளடைவில் நான் பலகையில் எழுதினேனே, அந்த மாதிரிச் சுருக்கமாக அது ஆகிவிட்டது.

இதனால் முதலில் கலவரமடைந்தவர்கள் நியூஸிலாந்துக்காரர்கள். 1882-ஆம் வருஷத்தில் ‘டனீடின்’ என்ற பாய்க்கப்பல் அங்கிருந்து சுமார் 5,000 ஆடுகளின் இறைச்சியை உறைபனியில் வைத்து, 98 நாள் கடலில் சென்று லண்டனில் இறக்கியது. அன்று முதல் அந்தத் தேசத்தின் செல்வத்தில் பெரும் பகுதி கப்பலேறிப் போகும் பண்டங்களால் வந்தது. பூமியின் மறுகோடியிலிருந்து, சுமார் 18,000 கிலோமீட்டர் தாண்டி வரும் இறைச்சியை யார் வாங்குவார்கள்? அவர்களுடைய லிங்கன் சர்வகலாசாலையில் 2006-ல் கணக்குப் போட்டார்கள். ஒரு டன் ஆட்டிறைச்சிக்கு, கப்பல் பிரயாணத்தையும் சேர்த்து, நியூஸிலாந்தில் 688 கிலோ கரியமில வாயு. பிரிட்டனிலேயே வளர்த்ததற்கு 2,849 கிலோ! அங்கே ஆடுகள் வருஷம் முழுவதும் வெளியில் புல் மேய்கின்றன. மின்சாரமும் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து கிடைக்கிறது. பிரிட்டனிலோ தீனிக்கும் உரத்துக்கும் செலவு அதிகம். விற்கிறவர்கள் போட்ட கணக்கு ஆயிற்றே என்று நேயர்களுக்குச் சந்தேகம் தோன்றினால் அது நியாயந்தான், எனக்கும் தோன்றியது. ஆனால் வாங்குகிற பிரிட்டனில் 2005-ல் சர்க்கார் செய்வித்த ஆராய்ச்சியிலும் இதே தோரணையில் ஒரு முடிவு கண்டார்கள். கண்ணாடி வீட்டுக்குள் உஷ்ணமூட்டி உள்ளூரில் வளர்க்கும் தக்காளியைவிட, ஸ்பெயின் தேசத்து வெயிலில் விளைந்து லாரியில் வரும் தக்காளிக்குப் புகை குறைவாம்.

ஆக, எவ்வளவு தூரம் என்பதைக் காட்டிலும், எதில் ஏறி வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு டன் பாரத்தை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகப் பெரிய சரக்குக் கப்பலுக்கு 10 முதல் 20 கிராம் கரியமில வாயு போதும். ரயில் அதற்கு அடுத்தபடி. லாரி ரயிலைவிடச் சில மடங்கு அதிகம். ஆகாய விமானமோ கப்பலைப்போல் சுமார் 50 மடங்கு! நல்ல வேளையாக, உலகத்தில் உணவு பிரயாணம் செய்யும் தூரத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாய மார்க்கமாக நடப்பதில்லை. ஆனால் பெரிய ஹோட்டல்களில் பரிமாறும் நார்வே தேசத்து ஸால்மன் மீனும், பருவம் தப்பி வரும் சில அருமையான பழங்களும் அப்படித்தான் வருகின்றன. மொஸாம்பிக் துவரை கப்பலில் வந்தது என்றால், அதன்மேல் எனக்கு இப்பொழுது கோபம் இல்லை.

நம் அரிசியின் சங்கதி இதைவிட ஆச்சரியம். டெல்டாவில் விளைந்து, பத்து மைல் தூரத்திலுள்ள ஆலையில் அரைபட்டு வருகிறது. இதற்கு மேல் உள்ளூர்ப் பண்டம் உண்டா? அப்படியிருந்தும் ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியில் சுமார் 4 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான தீங்கு நேருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் வண்டிச் சத்தத்தின் பங்கு சொற்பம். தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றிலிருந்து எழும் மீதேன் வாயுவே முக்கிய காரணம். வயலைக் காயவிட்டுத் திரும்ப நீர் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையில் அது வெகுவாகக் குறைகிறது. இந்த ஜில்லா விவசாயிகள் பலருக்கு இது தெரிந்த முறைதான். ஆனால் முறைத் தண்ணீர் எப்பொழுது வரும் என்று நிச்சயமில்லாதபோது, வந்த தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளாமல் வடிய விடு என்று விவசாயியிடம் யார் சொல்வது? சொல்கிறவருக்கு நெஞ்சுத் துணிவு வேண்டும்.

உள்ளூர்ப் பொருளை வாங்குவதில் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. யுத்தத்துக்கு முன்னால் சென்னை ராஜதானி பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்தக் கப்பல்கள் நின்றன. அரிசிக்காக வரிசையில் நின்ற கதைகளை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அண்டை ஊர் விவசாயி பிழைப்பதற்காகவும், ஆபத்துக் காலத்தில் அடுப்பு எரிவதற்காகவும் உள்ளூர்ச் சாகுபடி வேண்டும். அதற்குப் புகைக் கணக்கைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை; அழைத்தால் சில சமயம் அது எதிர்க்கட்சிச் சாட்சியாகிவிடுகிறது.

போக்குவரத்துக்கு மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பதில் பண்டிதர்களுக்குள் ஏகோபித்த அபிப்பிராயம் கிடையாது. 119 தேசங்களின் பண்ணைகளைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட கணக்கில், உணவினால் வரும் தீங்கில் போக்குவரத்து நூற்றுக்கு 6 பங்குதான். 2022-ல் ஸிட்னி சர்வகலாசாலையார், உரமும் யந்திரங்களும் வயலுக்குப் போகும் பிரயாணத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 19 என்று வந்தது. அவர்கள் சொன்ன இன்னொன்று என்னைச் சிந்திக்க வைத்தது. பழம், கறிகாய் விஷயத்தில் மட்டும், விளைவிப்பதற்கு ஆகும் தீங்கைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு அவற்றைக் கொண்டுபோவதில் ஆகிறதாம். வழியெல்லாம் குளிரூட்டி எடுத்துப்போக வேண்டியிருப்பது ஒரு முக்கிய காரணம். வெங்காயத்துக்கு அந்த உபசாரம் தேவையில்லை. கோணிப்பையும் காற்றோட்டமும் போதும். ஆனால் லாரியை நான் ஒரேயடியாக விடுதலை செய்துவிடவும் முடியவில்லை. 47 கிராமில் ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

என்ன குறைகிறது என்பதைப் பையனின் தகப்பனாரே சொன்னார். மாதத்தில் ஐந்தாறு நாள்தான் அவர் வீட்டில் இருக்கிறார். அப்படி வந்திருந்த ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முதலில் நான் என் பிழைக்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் கூச்சப்பட்டு, “அதெல்லாம் என்ன, சார், பையன் கணக்குப் போட்டானா, இல்லையா?” என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து விஸ்தாரமாகப் பேசினார்.

“வரும்போது பாரம் இருக்கிறது. போகும்போது? இங்கே வாழைக்காயோ தேங்காயோ கிடைத்தால் ஏற்றிக்கொள்வேன். சில சமயம் மூன்று நாள் காத்திருந்தும் பாரம் கிடைக்காது. முதலாளி, காலியாகவே வந்துவிடு என்பார். அப்பொழுது உங்கள் கணக்கை இரட்டிப்பாக்க வேண்டாமா?”

காலி வண்டிக்கு டீஸல் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனாலும் கிலோவுக்கு 47 கிராம் என்பது எண்பதைத் தாண்டிவிடும்.

“மழைக்காலத்தில் ஒரு தடவை தார்ப்பாய் கிழிந்து, வந்து சேருவதற்குள் ஒன்றரை டன் அழுகிவிட்டது. மண்டியில் பிரித்தவுடன் அதைத் தள்ளிக் குப்பையில் கொட்டினார்கள். அதைக் கொண்டுவர எரித்த டீஸல் யார் கணக்கில், சார்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் தேசத்தில் அறுவடைக்குப் பிறகு வீணாகும் உணவைப் பற்றி, மத்திய சர்க்காரின் விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனம் 2015-ல் வெளியிட்ட கணக்குப்படி, தக்காளியில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கும், கொய்யாவில் ஏறக்குறைய 16 பங்கும் வீணாகின்றன. வீணாகும் கறிகாய்க்கு உழுத உழவும், இட்ட உரமும், இறைத்த நீரும், ஓட்டி வந்த வண்டியும் அத்தனையும் வீண். குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது அதிலிருந்தும் மீதேன் எழுகிறது. அந்த வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கு மேல் உஷ்ணத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. என் வீட்டுக் குளிர்ப் பெட்டியில் வாடிய இரண்டு கட்டுக் கீரையும் அதே குப்பைமேட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

“ரயிலில் வந்தால் இன்னும் குறையுமே?” என்று நான் கேட்டேன். என் வாய்க்குச் சனி! எதிரில் இருப்பவருடைய பிழைப்பைப் பற்றியது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியிலிருந்து பீஹாரில் தானாபூருக்கு முதல் கிஸான் ரயில் புறப்பட்டதும், 2024 அக்டோபரில் நாசிக் பக்கத்திலிருந்து 1,600 டன் வெங்காயம் ஒரே ரயிலில் டில்லிக்குப் போனதும் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. “நல்லதுதான், சார். ஆனால் ரயிலுக்கு ஊரே சேர்ந்து சரக்குக் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் ஏற்றி, ஸ்டேஷனில் இறக்கி, மறுபடியும் லாரியில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு தடவை தூக்கிப் போடும்போதும் காய் அடிபடும். இருபது டன் வாங்குகிற வியாபாரிக்கு லாரிதான் தோது. ஆயிரம் டன் என்றால் ரயில்தான். அப்படி ரயிலில் வந்தாலும் ஸ்டேஷனிலிருந்து மண்டிக்கு நாங்கள் வேண்டும், நான் தினம் வீட்டில் சாப்பிடலாம்” என்று சொல்லிச் சிரித்தார். நூறு புத்தகம் படித்தாலும் இந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தோன்றியிருக்காது.

மறு திங்கட்கிழமை “தூரம் = புகை” என்று மறுபடியும் பலகையில் எழுதி, வகுப்பின் முன்னிலையில் அதை அழித்தேன். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சாக்குக் கட்டியை அவன் கையில் கொடுத்தேன். வெங்காயக் கணக்கைப் போட்டான். வாத்தியாருடைய கீரைக் கணக்கையும் போட்டான். 575 என்று எழுதியபோது எழுந்த சிரிப்பு தலைமையாசிரியர் அறைவரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவனை ஓட விட்ட பையன்களில் ஒருவன், “எங்கள் அப்பா காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் அரை டஜன் ஆப்பிள் வாங்கி வருகிறார். அதற்கு எவ்வளவு வரும், சார்?” என்று எழுந்து நின்றான். “அவனையே கேள்” என்றேன். இருவரும் தலையோடு தலை சேர்த்துக்கொண்டு, காருக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வாதாட ஆரம்பித்தார்கள்.

இப்பொழுது கீரை வாசலிலேயே வாங்குகிறோம், ஒரு கட்டுத்தான். சென்ற வாரம் பையன் இன்னொரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். இந்தத் தடவை அவனுடைய தகப்பனார் திரும்பும்போது தொட்டியம் பக்கத்து வாழைத்தார் 14 டன் ஏற்றிக்கொண்டு போகிறாராம். “வெங்காயத்தின் பங்கில் எவ்வளவு கழிக்கலாம், சார்?” என்று கேட்கிறான். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.